கமா மட்டும் போதாதுங்க

 

திருவிழா நெருங்கினா நோட்டீஸ், உபயப் பட்டியல், வாட்ஸ்அப் அறிவிப்பு எழுதுறது என்னோட தொண்டு. "சாமி காரியம்தானே, எழுத்துல என்ன இருக்கு?"ன்னு சிலர் கேப்பாங்க. இருக்குங்க.

தைப்பூசத்தையே எடுத்துக்குங்க. ஈப்போ கல்லுமலையில நாம காவடி எடுக்குற நாள். பார்வதி அன்னை முருகனுக்கு வேல் தந்த நாள். "அன்னை வேலைக் கொடுத்தாள்"னு எழுதினா அது வேல். அந்த 'க்' விட்டுப்போனா "அன்னை வேலை கொடுத்தாள்". முருகன் சம்பளத்துக்குப் போன மாதிரி ஆயிடும்!

அது சிரிப்போட போயிடும். உபயப் பட்டியல் அப்படி இல்ல. நம்ம பேராக்கில எத்தனையோ ரப்பர் தோட்டம் செம்பனையா, வீடமைப்பா மாறிப்போச்சு. லயத்து வீடு போயும் அம்மன் கோயில் மட்டும் நிக்குற இடம் உண்டு. ஊர் ஊரா சிதறின சனங்க தீமிதிக்குத் திரும்பி வந்ததும், நோட்டீஸ்ல முதல்ல தேடுறது தங்க குடும்பப் பேரைத்தான்.

ஒரு தோட்டத்துக் கோயில் நோட்டீஸ்ல 'அமரர்'னு ஆரம்பிச்சு, தாத்தா பேரையும் பாட்டி பேரையும் சேர்த்தே அச்சடிச்சிருந்தாங்க. தாத்தா காலமானவர். பாட்டி அன்னிக்கு முன்வரிசையில உக்காந்திருந்தாங்க. பேத்தி படிச்சுக் காட்டினதும், "என்னையும் அனுப்பிட்டாங்களா?"ன்னு சிரிச்சாங்க. ஆனா மடிச்சு வச்ச நோட்டீசை அப்புறம் அவங்க பிரிக்கவே இல்ல.

நடுவுல ஒரு கமா போட்டிருந்தா சரியாயிருக்குமா? "அமரர் முனியாண்டி, லெட்சுமி குடும்பத்தார்"னு உதாரணத்துக்கு எழுதிப் பாருங்க. சந்தேகம் அப்படியேதான் இருக்கு. "திருமதி லெட்சுமி, அமரர் முனியாண்டி குடும்பத்தார்"னு வரிசையை மாத்தினா பிரச்சினையே இல்ல.

ஓலைச்சுவடியில கமா கிடையாது. பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்க மாட்டாங்க. கமா, கேள்விக்குறி எல்லாம் ஐரோப்பியர் வழியா அச்சோட வந்து சேர்ந்தது. அதுக்கு முன்னாடி சொல்லை வைக்கிற முறையிலயேதான் பொருளைத் தெளிவாக்கினாங்க. நமக்கும் அதுதான் வழி. முதல்ல வரிசை, அப்புறம் குறி.

அதனால ஒரு வேண்டுகோள். அச்சுக்குக் கொடுக்குறதுக்கு முன்னாடி, உபயக்காரங்க பேர் வர்ற வரியை அந்தக் குடும்பத்துக்கே ஒரு தடவை அனுப்பிக் காட்டுங்க. இரண்டு நிமிஷ வேலைதான். கொடுத்த பணத்தை மறந்துடுவாங்க. பேர் வந்த விதத்தை மறக்க மாட்டாங்க.

முருகா சரணம்.