பீப்பாய்க்கு மடி

முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டு வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். போன வருஷம் அமெரிக்காவில் என் பிள்ளை வீட்டில் தங்கியிருந்தபோது நான் பீர் பீப்பாய் கழுவினேன். ஒன்றல்ல, நான்கு.

குடிக்கவில்லை, கழுவினேன். இந்த வித்தியாசத்தை என் மனைவிக்கு எடுத்துச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "எழுபது வயசுக்கு மேலே இப்படிக் கள்ளுக்கடைப் பாத்திரம் தேய்க்கணும்னு உங்க தலையிலே எழுதியிருக்கே!" என்று அவள் அங்கலாய்த்தாள். சென்னை மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு வந்தது 1948ல். நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான். 1971ல் கடைகளைத் திறந்தபோது எனக்கு மீசை முளைத்துவிட்டது, பழக்கங்களும் கெட்டிப்பட்டுவிட்டன. அதனால் குடிக்காமல் இருந்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. சர்க்கார் செய்த உபகாரம்.

பிள்ளை இருப்பது ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து நகரம். குளிர்காலம் வந்துவிட்டால் ஓயாத மழை. வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற மனிதனுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்காமல் போகாது. சிலர் மரவேலை செய்கிறார்கள். சிலர் ரொட்டி சுடுகிறார்கள். என் பிள்ளை காரை வெளியே மழையில் நிறுத்திவிட்டு, காருக்கென்று கட்டிய கொட்டகையில் பீர் காய்ச்சுகிறான்.

"ஏண்டா, போலீஸ் வந்தால்?" என்று கேட்டேன்.

சிரித்தான். அந்த நாட்டிலும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்ததாம். அது போன பிறகுகூட வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றமாகவே இருந்து, 1978ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால்தான் விடுதலை பெற்றதாம். பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 காலன் வரை காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. இரண்டு பேர் 200 காலன் குடித்தால் சட்டம் சும்மா இருக்கலாம், ஈரல் சும்மா இருக்குமா என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. பிள்ளை வீட்டில் விருந்தாளியாக இருக்கிற தகப்பன் நினைத்ததை எல்லாம் சொல்லிவிட முடியாது.

நான் போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலையில் அவன் ஒரு பீப்பாயின் குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்து வாயில் வைத்தான். முகம் சுருங்கியது. மறு பேச்சில்லாமல் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு போய், 19 லிட்டரையும் சாக்கடையில் கொட்டினான். மூன்று வார உழைப்பு நுரைத்துக்கொண்டு ஓடியது.

"என்னடா ஆச்சு?"

"புளிச்சுப் போச்சுப்பா. பீப்பாய் சரியாக் கழுவலை."

"யார் கழுவினா?"

"நான்தான்."

இந்த "நான்தான்" என்ற வார்த்தையை அவன் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"இன்னும் மூணு பீப்பாய் காலியாகக் கிடக்கு. எல்லாத்தையும் பிரிச்சுக் கழுவணும்" என்று பெருமூச்சு விட்டான். பிள்ளை சோர்ந்து உட்கார்ந்திருக்கும்போது தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நியாயமா? வேஷ்டியை மடித்துக் கட்டினேன்.

பீப்பாய் என்றவுடன் மரப்பலகையும் இரும்புப் பட்டையும் ஞாபகத்துக்கு வரும். இது அப்படி இல்லை. 'கெக்' என்கிறார்கள். நல்ல எவர்சில்வர், இரண்டடி உயரம், நம் ஊர்ப் பால்காரரின் கேனை இழுத்து நீட்டியது போல இருக்கும். முன்பு குளிர்பானக் கடைகளுக்குப் பாகு அனுப்புவதற்காகச் செய்த பாத்திரம். அந்தக் கம்பெனிகள் பாகை அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் அடைத்து அனுப்பத் தொடங்கியதும், பழைய கேன்கள் எல்லாம் மலிவாக இந்த மாதிரி வீட்டுக் காய்ச்சல்காரர்கள் கைக்கு வந்துவிட்டன. தலையில் முட்டை வடிவத்தில் ஒரு மூடி. இரண்டு பக்கமும் இரண்டு மூக்கு. ஒன்றின் வழியாகக் கரியமில வாயு உள்ளே போகும். மற்றொன்றின் வழியாகப் பீர் வெளியே வரும். வெளியே வருகிற மூக்கின் கீழே ஒரு நீளமான குழல், பீப்பாயின் அடிவரை இறங்கி நிற்கும்.

நான் மூடியில் கை வைத்தேன். "இருங்கோ இருங்கோ!" என்று பாய்ந்து வந்தான். உள்ளே வாயு அழுத்தம் மிச்சம் இருக்குமாம். முதலில் மூடியில் இருக்கிற சின்ன வளையத்தை இழுத்து அதை வெளியேற்ற வேண்டும். 'உஸ்' என்று சீறி, சத்தம் அடங்கிய பிறகுதான் மூடியைத் தொடலாம். அவசரப்படக் கூடாது.

பிறகு ஸ்பானரை வைத்து இரண்டு மூக்கையும் கழற்றினோம். அவற்றுக்குள் சின்னஞ்சிறு வால்வுகள். எண்ணிப் பார்த்தால் ஒரு பீப்பாய்க்கு ஐந்து ரப்பர் வளையங்கள். ஒரு பீப்பாயின் வளையத்தை மோந்து பார்க்கச் சொன்னான். இனிப்பான ஒரு மருந்து வாசனை அடித்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன் அதில் இருந்த பாகின் வாசனையாம்! எவர்சில்வர் மறந்துவிடுகிறது, ரப்பர் மறப்பதில்லை. அதைக் கழுவிப் பிரயோஜனம் இல்லை; தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும்.

குற்றவாளி எங்கே அகப்பட்டான் என்றால், அந்த நீளக் குழலுக்குள். மெல்லிய நீளப் பிரஷ் ஒன்றை விட்டு இழுத்தபோது, பச்சையும் பழுப்புமாக ஒரு சகதி வந்தது. ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவின் தூளும் செத்த ஈஸ்ட்டும் சேர்ந்து உள்ளே குடியிருந்திருக்கின்றன.

"வெளியிலேருந்து பார்த்தா பளிச்சுனு இருந்தது. கழட்டிப் பார்க்கச் சோம்பல் பட்டுண்டு, மருந்துத் தண்ணியை ஊத்திக் குலுக்கிட்டு விட்டுட்டேன்" என்றான் பிள்ளை. "கழுவறது வேறே, மருந்து போடறது வேறேப்பா. அழுக்கு இருந்தா அதுக்கு அடியிலே கிருமி சௌக்கியமா ஒளிஞ்சுண்டிருக்கும். மருந்து மேலோட போயிடும்."

கழுவுகிற முறை இது: சுமார் 60 டிகிரிச் சூட்டில் வெந்நீர், அதில் சலவைச் சோடாவுக்குப் பங்காளியான ஒரு காரத்தூள். பீப்பாய் நிறைய ஊற்றி, அரை மணி ஊறவைத்து, பிறகு தலைகீழாக நிறுத்தி இன்னொரு அரை மணி. காரம் பிசுக்கையும் எண்ணெய்ப் பசையையும் கரைக்கும். ஆனால் அடியிலே சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைப் படலம் படிந்திருக்கும். 'பீர்க்கல்' என்று பெயர். அதற்குக் காரம் மசியாது. அமிலத்தால் கழுவ வேண்டும். கம்பி நாரைப் போட்டுத் தேய்க்கக் கூடாது. கீறல் விழுந்தால் கிருமிக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. பிளீச்சிங் திராவகமும் கூடாது, எவர்சில்வரையே அரித்துவிடும்.

முதலில் காரம், பிறகு அமிலம். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டே தேய்த்தேன். சட்டென்று ஞாபகம் வந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டுக் கொல்லை. கிணற்றடியில் கருங்கல். ஒரு பக்கம் கொட்டாங்கச்சியில் அடுப்புச் சாம்பல், இன்னொரு பக்கம் புளிச்சக்கை. எண்ணெய்ப் பாத்திரத்துக்குச் சாம்பல், பித்தளைக்குப் புளி. சாம்பல் காரம், புளி அமிலம். என் பிள்ளை டப்பா டப்பாவாக விலை கொடுத்து வாங்குகிற சாஸ்திரம் முழுவதும் அந்தக் கருங்கல்லில் இருந்தது.

நல்ல தண்ணீரில் அலசி, புது வளையங்களைப் போட்டு மூக்குகளைத் திரும்பப் பூட்டிய பிறகு, மருந்து. பாஸ்பாரிக் அமிலம் கலந்த ஒரு திரவம். 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி போதும். சோப்பு மாதிரி நுரைக்கிறது. அந்த நுரையை அலசவே கூடாதாம். அலசினால் தண்ணீரில் உள்ள கிருமி வந்துவிடும். பீரோடு சேர்ந்தாலும் கெடுதல் இல்லை. நுரை தங்கியிருந்த மூடியைக் கண்டு மனம் பொறுக்காமல், துண்டை எடுத்துத் துடைக்கப் போனேன்.

"அப்பா! தொட்டுடாதீங்கோ!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுபது வருஷத்துக்கு முன்னால் என் பாட்டி சொன்ன வார்த்தை, அதே சுருதியில்! மடி வஸ்திரம் உலர்த்திய கொடிக்குக் கீழே நான் ஓடும்போதெல்லாம் கேட்ட வார்த்தை. பாட்டியின் மடி மூன்று தலைமுறை தாண்டி, ஏழு கடல் தாண்டி, கடைசியில் ஒரு பீர் பீப்பாயில் வந்து இறங்கியிருக்கிறது! விழுந்து விழுந்து சிரித்தேன். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை.

சிரித்து முடித்த பிறகு வேறொன்று ஞாபகம் வந்தது. அதற்குச் சிரிக்க முடியவில்லை.

அந்தக் கருங்கல்லில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தவள் பாட்டி அல்ல. தினமும் காலையில் கொல்லை வழியாக வந்து, கொல்லை வழியாகவே போகிற ஒரு ஸ்திரீ. கை விரல்கள் சாம்பலிலும் புளியிலும் வெடித்திருக்கும். அவள் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத் தள்ளி நிற்பாள். பாட்டி வந்து ஒரு கை தண்ணீர் எடுத்துப் பாத்திரங்கள் மேல் தெளிப்பாள். அதன் பிறகுதான் அவை உள்ளே வரலாம். அதாவது, சுத்தம் செய்தவள் தொட்டதால் அசுத்தம், தெளித்தவளால் சுத்தம். எங்களுக்கு அதில் எந்த விபரீதமும் தெரியவில்லை. நாள் தவறாமல் நடக்கிற எதிலும் விபரீதம் தெரிவதில்லை.

ஒரு வருஷம் மாவடு ஜாடியில் பூசணம் பூத்துவிட்டது. பாட்டிக்கு வந்த கோபம் சொல்ல முடியாது. "ஜாடியைக் கழுவின லட்சணம்!" என்று கொல்லையில் நின்று அவளை வைதாள். "நல்லாத்தான் கழுவுனேன் அம்மா" என்று மட்டும் அவள் சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லவில்லை. ஜாடியை எடுத்துப் போய், எல்லோரும் பார்க்க, வெந்நீர் விட்டு இரண்டு தரம் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். பாட்டி தண்ணீர் தெளித்தாள்.

நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நாலு நாள் முன்னால், குளத்தில் குளித்துவிட்டு வந்த ஈரக்கையை அந்த ஜாடிக்குள் விட்டு மாவடு எடுத்துத் தின்றவன் நான். எனக்கு வயசு ஒன்பது. வாயைத் திறக்கவில்லை.

பிரான்சு தேசத்துப் பாஸ்டர் 1871ல் லண்டனில் ஒரு பெரிய பீர் ஆலைக்குப் போய், அங்கிருந்த ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, அதில் வேண்டாத கிருமிகள் கலந்திருப்பதைக் காட்டினார். 1876ல் அதைப் பற்றியே ஒரு பெரிய புஸ்தகம் வெளியிட்டார். பீர் கெடுவதற்குக் காரணம் விதியும் அல்ல, சாபமும் அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் என்று உலகத்துக்குச் சொன்னார். அந்த ஜீவன்களுக்குக் குலம் கோத்திரம் கிடையாது. பேரன் கையிலும் ஏறி வரும். பாட்டியின் மடியில் இருந்த சிரத்தையை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஜாடியில் ஈரக்கை படக்கூடாது என்பது அவள் சட்டம்தான், பாஸ்டரும் ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் ஜாடி கெட்டபோது அவள் கையைத் தேடவில்லை, ஆளைத் தேடினாள். வீட்டுக்குள்ளே தேட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

என் பிள்ளை "நான்தான்" என்றான். அவன் வீட்டில் அவனே கழுவுகிறான், அவனே மருந்து போடுகிறான், கெட்டால் அவனே கொட்டுகிறான். பழி சொல்லுவதற்குக் கொல்லையில் ஆள் இல்லை என்பது ஒரு காரணம். அது மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகு, அவன் பீர் காய்ச்சுகிறானே என்ற என் மனத்தாங்கல் பாதி கரைந்துவிட்டது.

நாலு பீப்பாயும் முடிய மாலை ஆகிவிட்டது. மருந்துத் தண்ணீரைக் கரியமில வாயுவாலேயே தள்ளி வெளியேற்றினான். உள்ளே பிராணவாயு மிச்சம் இருந்தால் பீர் பழசாகிவிடுமாம். மூடியைச் சுற்றிச் சோப்பு நீரைத் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தோம். வரவில்லை. இரண்டு பேரும் பெரிய காரியம் சாதித்த மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து அவனுடைய சிநேகிதர்கள் வந்தார்கள். புதிய பீரைக் குடித்துவிட்டு ஒருவர் தலையை ஆட்டி, பிரமாதம் என்றார். பிள்ளை என் பக்கம் கையைக் காட்டினான்: "பீப்பாய் கழுவினது எங்கப்பா." எல்லோரும் என்னைப் பார்த்து டம்ளரை உயர்த்தினார்கள். நானும் என் எலுமிச்சம்பழ ரசத்தை உயர்த்தினேன்.

அன்று ராத்திரி என் மனைவியிடம் மாவடு சமாசாரத்தைச் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த அம்மா பேர் என்ன?" என்று கேட்டாள்.

பத்து வருஷம் எங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்தவள். அவளை ஒருவர்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.