எங்கள் கருநிறப் புல்

"புல்லுக்கு ஒரு கட்டுரையா?" என்று தோழியர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பொங்கலுக்கு நாம் கடிக்கும் கருங்கரும்பும் புல்லினம்தான், கருப்புக் கவுனி அரிசி தருவதும் புல்லினம்தான்!

2024-ஆம் ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, வகுப்புக்கு ஒரு பாத்தி தந்தார்கள். மற்றவர்கள் ரோஜாவும் செம்பருத்தியும் வைத்தார்கள். எங்களுக்கோ யாரிடமும் இல்லாத ஒன்று வேண்டும். கடற்கரைக்குப் போகும் வழியில், ஒரு வீட்டு மஞ்சள் சுவரோரம் நாவற்பழ நிறத்தில் ஒரு புல் பார்த்திருந்தோம். அணில்வால் போன்ற கதிர்கள் காற்றில் ஆடும் அழகே அழகு! நர்சரியில் கேட்டதற்கு, "பர்ப்பிள் ஃபவுண்டன் கிராஸ்" என்றார்கள். காசு சேர்த்து நான்கு தூர் வாங்கினோம்.

எங்கள் பாத்தி மாமரத்தடியில், வகுப்பு ஜன்னலுக்கு நேரே இருந்தது. தோட்டக்காரத் தாத்தா பார்த்துவிட்டு, "இதுக்கு வெயிலு வேணும் பாப்பா, அந்தாண்ட வைங்க" என்றார். ஜன்னல் வழியே தெரிய வேண்டுமே! நாங்கள் காதில் வாங்கவில்லை.

ஒன்றரை மாதத்தில் புல் பச்சையாகிவிட்டது. வெறும் பச்சை! ரோஜாப் பாத்திக்காரர்கள் கேலி செய்ததைச் சொல்லி முடியாது. எங்களில் ஒருத்தி, "தாத்தா நல்ல தூரை எடுத்துக்கொண்டு வேறு புல்லை நட்டுவிட்டார்" என்றாள். ஒருத்தி சொன்னதை அனைவரும் சொன்னோம். தோட்டப் பொறுப்பிலிருந்த சிஸ்டரிடமும் போய்ச் சொன்னோம். சிஸ்டர் தாத்தாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் தொடலைங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அறிவியல் ஆசிரியை ஒரு தூரைப் பெயர்த்து, சைக்கிள் கொட்டகைப் பக்கம் வெயிலில் நடச் சொன்னார்கள். இலையில் பச்சையம் எப்போதும் உண்டு. அதை மறைக்கும் கருஞ்சாயம் ஆந்தோசயனின். வெயில் பட்டால்தான் அது நன்றாக ஊறும் என்று விளக்கினார்கள். "பீட்ரூட்டிலும் அதுதானா, மிஸ்?" என்று கேட்டோம். இல்லையாம், அது வேறு சாயமாம். நாவற்பழத்தில் உள்ளதுதான் இது. மூன்று வாரத்தில் வெயிலிலிருந்த தூரில் புது இலைகள் கருஞ்சிவப்பாக வந்தன. மாமரத்தடியில் இருந்தவை பச்சையாகவே நின்றன.

எங்களுக்கு முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சிஸ்டர் திட்டவில்லை. "தாத்தாவிடம் போனீர்களா?" என்று மட்டும் கேட்டார்கள். ஏழு பேரும் போனோம். "மன்னிச்சிடுங்க தாத்தா" என்றபோது எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்காமல், "அந்தக் குடத்த எடுங்க பாப்பா" என்றார். அன்று தோட்டம் முழுவதற்கும் நாங்களே தண்ணீர் ஊற்றினோம்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை! பள்ளி திறந்தபோது பாத்தியில் சேறுதான் இருந்தது. வேரில் நீர் தேங்கினால் இந்தப் புல் அழுகிவிடும். நான்கு தூரும் போயின. விதை போடலாம் என்றால், இந்த ஊதா வகையில் விதை பெரும்பாலும் பிடிப்பதில்லை. ஒருவிதத்தில் அதுவும் நல்லதுதான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இதன் பச்சை உறவு, ஹவாய்த் தீவுகளில் விதை பரப்பிக் காட்டுத்தீக்கே விறகாகிவிட்டதாம். ஆனால் அன்று எங்களுக்கு அழுகைதான் வந்தது.

தாத்தா எங்களை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். வாய் உடைந்த தொட்டியில் கையளவு கருநிறத் தூர் ஒன்று! மழைக்கு முன்பே சைக்கிள் கொட்டகைத் தூரில் ஒரு பிளவை வேரோடு பிரித்து வைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அந்தக் கையளவு இன்று ஒன்பது தூர். மேட்டுப் பாத்தியில், நல்ல வெயிலில் இருக்கின்றன. மாமரத்தடியில் தாத்தா சொன்னபடி கனகாம்பரம் வைத்தோம். தேர்வு முடிந்து நாங்கள் போய்விடுவோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, மழைக்கு முன் இரண்டு தூரைப் பிரித்துத் தொட்டியில் வையுங்கள். மண்வெட்டி தாத்தாவிடம் இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுத் தோட்டக் குழுவினருக்காக, அவர்களில் ஒருத்தி