மெட்டு ஏறிய தள்ளுவண்டி

பிழைப்பைத் தேடி மாநகரங்களுக்கு வந்து சேர்ந்த நம்மில் பலருக்கும், முதற்குழந்தையைச் சொந்த ஊருக்குத் தூக்கிச் செல்லும் பயணம் மறக்கவியலாத ஒன்றாகும். சென்ற டிசம்பர் விடுமுறையில் ஏழு மாதக் கைக்குழந்தையுடன் நாங்கள் மேற்கொண்ட பயணம் எங்களுக்குக் கற்றுத்தந்தவற்றை இங்கே எழுதுகிறேன். குழந்தையோடு பயணப்பட இருப்போருக்கு இது உதவுமானால் மகிழ்ச்சி.

எங்கள் ஊர் கம்பம்மெட்டு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இடுக்கி மாவட்டத்திற்கு ஏறுவதற்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைவழிகள் உண்டு. நடுவிலுள்ள வழி கம்பத்திலிருந்து மேற்கே வளைந்து வளைந்து ஏறி, தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் உச்சியில் ஒரு சிறு கடைவீதியில் சென்று நிற்கும். அங்கே ஒரு கடையின் பலகை தமிழிலும் அடுத்த கடையின் பலகை மலையாளத்திலும் இருக்கும். அதற்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். என் தாயார் முப்பது ஆண்டுகள் அந்தத் தோட்டங்களில் காய் எடுத்தவர். இப்போது முழங்கால் வலியால் அவரால் சென்னைக்கு வர இயலவில்லை. பேத்தியைத் தொலைபேசியின் திரையில் மட்டுமே பார்த்திருந்தார். ஆகவே, குழந்தையை நாங்கள்தாம் கொண்டுபோக வேண்டியிருந்தது.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் சென்னையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ரயில் உண்டு. விடுமுறைக் காலமாதலால் அதில் இடம் கிடைக்கவில்லை. மதுரைக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து வாடகைக் காரில் மலையேறுவது என்று தீர்மானித்தோம். அலுவலக நண்பர்கள் பரிசாகக் கொடுத்திருந்த, ‘பிராம்’ என்று நாம் அழைக்கும் குழந்தைத் தள்ளுவண்டியையும் எடுத்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், தேவையைவிட ஊரார் காண வேண்டும் என்ற ஆசையே எனக்கு மிகுதியாக இருந்தது.

விமான நிலையத்தில்

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு உள்நாட்டு விமானத்தில் தனி இருக்கை தேவையில்லை. பெரியவர் ஒருவரின் மடியில் அமரலாம். ஆனால் வயதுக்குச் சான்று கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழைக் கைப்பையிலேயே வைத்திருப்பது நலம். திரும்பும் நாளுக்குள் குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பிவிடுமானால், அந்தப் பயணத்திற்குத் தனிச்சீட்டு எடுக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடலாகாது.

மடக்கக்கூடிய தள்ளுவண்டியைப் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணமின்றி ஏற்றுக்கொள்கின்றன. பெட்டிகளோடு முதலிலேயே ஒப்படைத்துவிடலாம். அல்லது அடையாளச் சீட்டு ஒட்டிக்கொண்டு விமானத்தின் வாயில் வரை தள்ளிச் சென்று அங்கே கொடுக்கலாம். பாதுகாப்புச் சோதனையில் வண்டியை மடித்துக் கருவிக்குள் அனுப்பிவிட்டு, குழந்தையைக் கையில் ஏந்தியே கடக்க வேண்டும். உறங்குகிற குழந்தையை எழுப்ப வேண்டியிருக்கும் என்பதால், அதற்கேற்ப நேரம் வைத்துக்கொண்டு வருவது நல்லது. பயணத்திற்கு வேண்டிய பால், குழந்தை உணவு ஆகியவற்றைச் சோதனையில் எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே கொண்டுபோகலாம்.

விமானத்தில் பணிப்பெண் ஒரு சிறு இடைவாரைத் தந்தார். அதைத் தாயின் இடைவாரோடு கோத்துக் குழந்தையின் இடுப்பில் பூட்ட வேண்டும். ஏறும்போது உறங்கிய குழந்தை, மதுரையை நெருங்கி விமானம் தாழத் தொடங்கியதும் வீறிட்டு அழுதது. தாழும்போது விமானத்தினுள் காற்றழுத்தம் கூடுகிறது. செவிக்கும் தொண்டைக்கும் நடுவிலுள்ள குழல் திறந்தால்தான் செவிக்குள்ளும் அழுத்தம் சமப்படும். பெரியவர்கள் எச்சிலை விழுங்கியோ கொட்டாவி விட்டோ அதைத் திறந்துகொள்கிறோம். குழந்தைக்கு அது தெரியாது. பால் குடித்து விழுங்கும்போது அந்தக் குழல் தானே திறக்கும். என் மனைவி பாலூட்டியதும் சில நிமிடங்களில் அழுகை அடங்கிற்று. தாழத் தொடங்கும் நேரத்திற்கென்று ஒரு வேளைப் பாலை ஒதுக்கி வைப்பது நல்ல வழக்கம்.

மதுரையில் எங்கள் வண்டி பெட்டிகளோடு பட்டையில் சுழன்று வந்தது. அதன் முன்சக்கரம் ஒன்று வளைந்திருந்தது. இத்தகைய சேதத்தை அந்தக் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே நிறுவனத்தின் மேசையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒப்படைக்கும் முன் எடுத்த புகைப்படம் இருந்தால் பேச்சு எளிதாகும். என்னிடம் புகைப்படமும் இல்லை, பொறுமையும் இல்லை. அப்படியே வெளியேறிவிட்டேன்.

மலைப்பாதையில்

உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர்கள் கடந்தன. உத்தமபாளையத்தைத் தாண்டியதும் முல்லைப் பெரியாற்று நீரில் விளையும் வயல்களும், தென்னந்தோப்புகளும், பந்தலிட்ட திராட்சைத் தோட்டங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சியாயிருந்தன. இங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கம்பத்தில் தேநீர் அருந்திவிட்டு மாலை நான்கு மணிக்கு மலையேறினோம்.

ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பெண்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறிச் சென்று மாலையில் இறங்குவார்கள். நாங்கள் ஏறியது அவர்கள் இறங்கும் வேளை. குழந்தை மனைவியின் மடியில் பின்னிருக்கையில் இருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் ஆட்களை நிறைத்துக்கொண்டு வந்த ஜீப் ஒன்று எதிரே விரைந்து இறங்கியது. மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கே இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. அன்று அதற்கு அவகாசம் இருக்கவில்லை. எங்கள் ஓட்டுநர் சட்டென்று நிறுத்தினார். மனைவியின் கையிலிருந்து நழுவிய குழந்தையின் தலை முன்னிருக்கையின் முதுகில் மோதவிருந்தது. எப்படியோ என் கை இடையில் சென்றது. குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. மூவரும் நெடுநேரம் பேசவில்லை.

அந்த மௌனத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. விமானத்தில் தனி இடைவார் பூட்டப்பட்ட என் குழந்தைக்கு இந்த வளைவுகளில் பூட்டு எதுவுமே இல்லை. பளபளப்பான தரையில் தள்ளுவதற்கு வண்டி கொண்டுவந்த நான், மலைச்சாலைக்கு என்று எதையும் கொண்டுவரவில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளை இடைவாராலோ குழந்தைகளுக்குரிய இருக்கையாலோ பிணைக்காமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்திற்கு அஞ்சி அல்ல, அந்தச் சட்டத்தின் காரணத்தை உணர்ந்தே சொல்கிறேன்: கார் திடீரென்று நிற்கையில் எந்தத் தாயின் கைப்பிடியும் போதாது. கைக்குழந்தைக்கான கார் இருக்கையைப் பின்னிருக்கையில், குழந்தையின் முகம் வண்டியின் பின்புறம் நோக்கும்படி பொருத்த வேண்டும். அதையும் பல விமான நிறுவனங்கள் கட்டணமின்றி ஏற்றிச் செல்கின்றன. இரண்டில் ஒன்றைத்தான் கொண்டுபோக முடியுமென்றால், தள்ளுவண்டியை வீட்டில் விட்டுவிடுங்கள்.

இன்னும் மேலே சென்றதும் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு சிணுங்கியது. விமானத்தில் நேர்ந்ததைப்போலவே, உயரம் விரைவாக மாறும் மலைப்பாதையிலும் காது அடைக்கும். ஓரமாக வண்டியை நிறுத்தச் சொல்லி, பாலூட்டிய பின்பே புறப்பட்டோம்.

மெட்டின் மேல்

சோதனைச் சாவடிகளைக் கடந்து இறங்கியபோது குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. சாலையிலிருந்து எங்கள் வீட்டிற்கு மண்ணில் வெட்டிய படிகள் உண்டு. தள்ளுவண்டியை நான் தோளில் சுமந்தேன்; குழந்தையை மனைவி சுமந்தாள். கதவருகே நின்றிருந்த அம்மா வண்டியைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏய்யா, பிள்ளைய இது சுமக்கும்னு வாங்கினியா, இல்ல இத நீ சுமக்கணும்னு வாங்கினியா?”

பிறகு, “இங்க கொடு அம்மாடி” என்று மருமகளிடமிருந்து பேத்தியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

மறுநாள் முற்றத்தில் வண்டியை விரித்துக் குழந்தையை அமர்த்தினேன். சரிவான முற்றம். நான் கையை எடுத்ததும் வண்டி மெல்ல நகரத் தொடங்கியது. அம்மா உடனே ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்திற்கு முட்டுக் கொடுத்தார், மலைச்சாலையில் ஜீப்பை நிறுத்துவோர் செய்வதுபோல. தடைக்கட்டை ஒன்று அந்த வண்டியில் இருக்கிறது; அதைப் போட நான் மறந்திருந்தேன். சரிவில் தடை போடாமல் ஒரு நொடியும் கையை எடுக்கலாகாது.

பகல் தூக்கத்திற்கு அம்மா தமது பழைய சேலையொன்றை உத்தரத்தில் தூளியாகக் கட்டினார். முதலில் கயிற்றைத் தம் பலங்கொண்ட மட்டும் இழுத்துச் சோதித்தார். நழுவினாலும் அடிபடாதபடி தரைக்கு அருகிலேயே தாழ்த்திக் கட்டினார். அது உறங்கி எழும் வரை பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். “ஒன்னையும் இப்படித்தான் தோட்டத்துல மரத்துக்கு மரம் கட்டிப் போட்டு காய் எடுத்தேன். கை காய் எடுக்கும், கண்ணு தூளி மேலதான் இருக்கும்” என்றார். இதை அவர் முன்பு எனக்குச் சொன்னதில்லை.

அன்றிரவு அம்மாவுக்கு நான் ஒரு செய்தி சொன்னேன். 1733-இல் இங்கிலாந்தில் வில்லியம் கென்ட் என்பவர் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காகச் செய்த வண்டியே இவ்வகை வண்டிகளுக்கு முன்னோடி என்பர். அது பிராணி பூட்டி இழுக்கும் வண்டி. கையில் மடக்கித் தூக்கும் இலேசான வண்டியோ ஒரு தாத்தாவின் கைவேலை. ஓவன் மக்ளாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மடங்கும் சக்கரக் கால்களை வடிவமைப்பதில் பங்கேற்றவர். மாஸ்கோவிலிருந்து குழந்தையோடு வந்த தம் மகள், கனத்த தள்ளுவண்டியைத் தூக்கிப் பயணம் செய்ய முடியாமல் திண்டாடியதை அறிந்து, விமானத் தொழிலில் கற்ற மடக்கும் முறையை அலுமினியக் குழாய்களில் புகுத்தி, 1965-இல் குடைபோல் மடங்கும் வண்டியொன்றை உருவாக்கினார். எங்கும் பரவிய மடக்கு வண்டிகளுக்கு அதுவே வழிகாட்டி.

அம்மா சற்று யோசித்துவிட்டு, “பேரப்பிள்ள வரணும்னு செஞ்சிருக்காரு” என்றார்.

திரும்பும்போது கம்பத்தில் ஒரு நாள் தங்கி, கைக்குழந்தைக்கான கார் இருக்கையொன்றைத் தேனியிலிருந்து வருவித்து, அதில் குழந்தையைப் பூட்டிய பின்பே மதுரைக்குப் புறப்பட்டோம். வளைந்த சக்கரத்தோடு அந்தத் தள்ளுவண்டி கம்பம்மெட்டிலேயே இருக்கிறது. குழந்தை மறுபடி வரும்வரை அதில் ஏலக்காய்ச் சாக்கு காயும் என்கிறார் அம்மா. பேத்தி வந்து இறங்கும் நாளைக் கேட்டு வாரந்தோறும் தொலைபேசியில் அழைக்கிறார். அடுத்த முறை, தள்ளுவண்டி இல்லாமல், அந்த இருக்கையோடு போவோம்.