பெடல் இல்லாத கிதார்

அரபுக் கல்லூரி ஆசிரியன் ஒருவன் கிதாரைப் பற்றி எழுதுவதா என்று சிலர் புருவம் நெரிக்கலாம். இசை பற்றிய மார்க்கச் சட்டங்களை ஆராய நான் முற்படவில்லை. அதற்கு என்னினும் தகுதியுடையோர் உளர். ஒரு மனிதர் தம் தொழிலை முதுமையில் எவ்வாறு திருத்திக்கொண்டார் என்பதைக் கண்ணாரக் கண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டு, மகளின் பேறுகாலத்துக்காக நானும் மனைவியும் அமெரிக்காவின் நாஷ்வில் நகருக்குச் சென்று ஐந்து மாதம் தங்கினோம். அடுத்த வீட்டுக்காரர் எழுபதைக் கடந்தவர். ‘கண்ட்ரி’ என்று அவர்கள் கூறும் பாட்டுக் குழுக்களில் ஐம்பதாண்டுகள் பெடல் ஸ்டீல் கிதார் வாசித்தவர். கார்க் கொட்டகையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பயிற்சி செய்வார். மாலையில் உலாவப் போகும் நான் அங்கே நின்று கேட்கத் தொடங்கினேன். பிறகு உட்கார்ந்து கேட்கத் தொடங்கினேன்.

கிதார் என்றதும் மார்போடு அணைத்து மீட்டும் கருவியே நம் நினைவுக்கு வரும். இது அப்படியன்று. கால்கள் பொருத்திய மேசை போன்றது. மேலே பத்துத் தந்திகள். இடக்கையிலுள்ள கனத்த எஃகு உருளையைத் தந்திகளின்மேல் வழுக்கியவாறு வலக்கையால் மீட்டுகிறார்கள். கீழே, தையல் இயந்திரத்துக்கு இருப்பதுபோல் பெடல்கள். முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள் வேறு. ஒரு பெடலை மிதித்தால் குறிப்பிட்ட சில தந்திகள் மட்டும் இழுபட்டுச் சுருதி ஏறும். உருளை வைத்த இடத்திலேயே இருக்க, வேறோர் இசைக்கூட்டு பிறந்துவிடும். வலக்காலோ ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் இன்னொரு பெடலை விட்டு அகல்வதே இல்லை.

இதன் மூலக் கருவி ஹவாய்த் தீவுகளில் தோன்றியது. கிதாரை மடியில் கிடத்தி, இரும்பைத் தந்தியின்மேல் வழுக்கி வாசிக்கும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியவர் ஜோசப் கெகுகு என்னும் இளைஞர் என்பர். அதற்குப் பெடல் கிடையாது. 1954இல் புகழடைந்த வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ என்னும் பாட்டில் பட் ஐசக்ஸ் என்பவர், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து ஒலியை வளைத்துக் காட்டினார். அதைக் கேட்ட பின்னர் பெடலில்லாக் கருவியைப் பலர் பரணில் ஏற்றிவிட்டனர். நம் அடுத்த வீட்டுக்காரரும் அவ்வழியில் வந்தவரே.

நாங்கள் போய்ச் சேர்ந்த சமயம் அவருக்கு இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. மூன்று மாதத்துக்குப் பெடலை மிதிக்கலாகாது என்பது மருத்துவர் கட்டளை. வாசிக்காமல் இருக்கவும் அவரால் இயலவில்லை. பரணிலிருந்து ஆறு தந்தி மடிக் கிதாரை இறக்கினார். முதல் வாரம், இசையறியாத என் காதுக்கே பிழை தெரிந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. ஐம்பதாண்டு வாசித்த கைக்கு ஒரு சுரம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லையே என்று வாய்விட்டு நொந்துகொண்டார்.

காரணத்தை அவரே விளக்கினார். இக்கருவியில் அழுத்திப் பிடிக்கும் கட்டைகள் இல்லை; வரைந்த கோடுகளே உண்டு. உருளை மயிரிழை விலகினாலும் சுருதி பிசகும். பெடல் உள்ளபோது அடுத்த சுரத்தைக் கால் கொண்டுவந்து தரும். கை இருந்த இடத்தில் சோம்பியிருக்கும். பெடல் இல்லையேல் கைதான் அந்தச் சுரத்தைத் தேடிச் செல்லவேண்டும். சில இணைச் சுரங்களை எடுக்க உருளையைச் சாய்த்துப் பிடிக்கவேண்டும். ஒரு முனை ஒரு கோட்டிலும் மறுமுனை அடுத்த கோட்டிலும் நிற்கவேண்டும். அவ்வாறு சாய்க்கும்போது காதைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஒலிப் பெடல் இன்மையால், ஒரு சுரம் மெலிவதும் நீள்வதும் வலக்கை விரல்களின் பொறுப்பாகிவிடுகிறது. வலக்காலின் மறைவில் இத்தனை காலம் தம் விரல்கள் எவ்வளவு பிழை செய்தன என்பது இப்போதுதான் புரிந்தது என்றார்.

மருத்துவர் அனுமதித்தபின் பெரிய கருவியின்முன் அமர்ந்தார். அன்று மெதுவான பாட்டொன்றை வாசித்தார். முன்பு அவருடைய பழைய ஒலிப்பதிவுகளை எனக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அவற்றில் பெடல்களின் வேலை நிரம்பியிருந்தது. இப்போது பெடலைத் தொட்டதே குறைவு. தொட்ட இடத்தில் அது தேவையாகவே இருந்தது.

பெடலைப் பழிப்பதாக எண்ணவேண்டா. ஒரு தந்தி அசையாமல் நிற்க, மற்றொன்று அதன் பக்கத்தில் நழுவி ஏறும் அழகை உருளைச் சாய்ப்பு ஒருபோதும் முழுமையாகத் தராது. இரு கருவிகளின் சுருதியமைப்பும் வேறாகையால் ஒன்றில் பழகிய விரல்கள் மற்றதில் தடுமாறுவதும் உண்டு. ஆயினும் பெடலைத் தொடாமலே வாழ்நாளைக் கழித்த ஜெர்ரி பேர்டைப் பெடல்காரர்களும் ஆசானாகவே மதித்தார்கள். பெடல் வாசிப்பில் தலைசிறந்தவராகிய பட்டி எம்மன்ஸ் சிறுவயதில் தொடங்கியது மடிக் கிதாரில்தான்.

அவர் பேசப் பேச என் வகுப்பறை என் கண்முன் வந்தது. நான் ஓதிய காலத்தில் ஜபர், ஜேர், பேஷ் இல்லாத கிதாபை உஸ்தாத் முன் வாசித்துக் காட்டவேண்டும். ஒரு சொல்லின் ஈற்றைத் தவறாக உச்சரித்தால் நஹ்வு தெரியாதது அம்பலமாகிவிடும். நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாததும் இது போன்றதே. பிள்ளைகள் அஞ்சுகிறார்கள் என்று பெற்றோர் முறையிட்டபோது, குறியிட்ட நூல்களை வகுப்பில் புகுத்தியவன் நானே. பதினோராண்டு ஆயிற்று. அவர்கள் தடங்கலின்றி வாசிக்கிறார்கள். குறி இல்லாத ஒரு பக்கத்தை நீட்டினால் வாயடைத்து நிற்கிறார்கள். அதைக் கருணை என்றே நான் நம்பியிருந்தேன்.

இதை அவரிடம் சொன்னேன். ஒரு சொல்லை எழுதிக் காட்டச் சொன்னார். ஐன், லாம், மீம் என்னும் மூன்றெழுத்துகளைத் தாளில் எழுதினேன். ‘இல்ம்’ என்றால் அறிவு. ‘அலம்’ என்றால் கொடி. ‘அலிம’ என்றால் அறிந்தான். ‘அல்லம’ என்றால் கற்பித்தான் என்றேன். விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டவர், மடிக் கிதாரை எடுத்து ஒரே சுரத்தை நான்கு இடங்களில், நான்கு தந்திகளில் வாசித்துக் காட்டினார். நான்கும் ஒன்றாகவே கேட்டன. இல்லை, வேறுபாடு இருக்கிறது, மறுபடியும் கேளுங்கள் என்று முதலிலிருந்து தொடங்கினார்.