போனை யார் எடுப்பது: சில குறிப்புகள்

கோயில் டூர் நடத்துகிறவரின் போன் காலை நாலரைக்கே அடிக்க ஆரம்பித்துவிடும். கும்பகோணத்து லாட்ஜ் வாசலுக்கு டெம்போ டிராவலர் இன்னும் வரவில்லையாம், டிரைவர் போனை எடுக்கவில்லையாம். ஆறு மணிக்கு டிபனுக்கு எத்தனை பேர் என்று ஹோட்டல்காரர் கேட்கிறார். ஏழுக்கு டீசலுக்குக் காசு அனுப்பச் சொல்லி டிரைவர். எட்டரைக்குப் போன வருஷம் காசிக்கு வந்த மாமி, தன் தங்கையும் ஓரகத்தியும் சேர்ந்து வரப்போவதாகச் சொல்லி, இந்த வருஷம் எப்போது என்று விசாரிக்கிறார். வந்த அழைப்புகளில் இது ஒன்றுதான் வியாபாரம். அதைத்தான் முதலாளி “அப்புறம் பேசறேன் மாமி” என்று சொல்லி வைத்துவிடுகிறார்.

*

மேனேஜர் ஒருவரை வைத்தாயிற்று, விசிட்டிங் கார்டும் அடித்தாயிற்று. ஆனால் வயதானவருக்குக் கீழ்த்தளத்தில் அறை மாற்ற இருநூறு ரூபாய் கூடுதல் என்றால் அவர் முதலாளியைக் கேட்டாக வேண்டும். அப்படியானால் வேலை எங்கே கைமாறியது? நடுவில் இன்னொரு போன் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

செலவு செய்கிற உரிமையைக் கொடுக்காமல் வேலையை மட்டும் கொடுப்பதில் பயனே இல்லை. ஒரு டிரிப்புக்கு இவ்வளவு வரை யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம், திரும்பி வந்ததும் காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஒரு தொகையை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நவக்கிரகத்துக்குப் போகிற காருக்குச் சின்னத் தொகை, காசிக்குப் போகிற குழுவுக்குப் பெரிய தொகை. தொகையைச் சொல்லிவிட்டு, முதல் செலவிலேயே “எதுக்கு இது?” என்று கேட்டுவிட்டால் மறுநாளிலிருந்து பழையபடி போன் வரும்.

*

திருட்டுப் பயம். முன்பு அதில் நியாயம் இருந்தது. டோல், டீசல், பார்க்கிங், பேட்டா எல்லாமே ரொக்கமாகக் கையில் போகும், கசங்கிய சீட்டுகளாகத் திரும்பி வரும். 2021 பிப்ரவரியிலிருந்து டோலுக்கு ஃபாஸ்டேக் கட்டாயம். கழிந்த பணத்துக்கு உடனே குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. பங்கில் யுபிஐ. மிச்சமிருப்பது பார்க்கிங், டீ, செருப்பு டோக்கன், அர்ச்சனைத் தட்டு. இதில் எவ்வளவுதான் அடித்துவிட முடியும்? அந்தப் பத்து இருபதைப் பிடிக்கவென்று முதலாளி தினமும் இரவில் உட்கார்ந்து டிரிப் ஷீட்டைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் பில் போடுவதில்லை.

*

நவக்கிரகச் சுற்று பார்க்க எளிது போல இருக்கும். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார் கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. விடியற்காலையில் கிளம்பினால் ஒரே நாளில் ஒன்பதும் முடியும். ஆனால் பெரும்பாலான கோயில்களில் மதியம் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். உச்சிப் பொழுதுக்குள் எத்தனை கோயிலை முடிக்கிறோம் என்பதில்தான் நாள் நிற்கிறது. பார்ட்டி ஞாயிற்றுக்கிழமை வந்து, ராகு கால பாலபிஷேகம் பார்க்க வேண்டும் என்றால் மாலை நாலரைக்குத் திருநாகேஸ்வரத்தில் இருக்க வேண்டும், வரிசை முழுக்க மாறிவிடும். சனிக்கிழமை என்றால் திருநள்ளாற்றில் கூட்டம், நளதீர்த்தத்தில் குளித்து உடை மாற்றவே நேரம் போகும். போதாததற்குத் திருநள்ளாறு இருப்பது காரைக்காலில், அதாவது புதுச்சேரி ஆட்சிப் பகுதியில். வண்டியின் பர்மிட்டை முன்கூட்டியே பார்த்து வைக்காதவர் எல்லையில் நின்றுகொண்டு போன் போடுவார்.

இத்தனையும் ஒரே ஒருவர் தலைக்குள் இருப்பதால்தான் அந்தத் தலை ஓய்வதில்லை. எழுதி வைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு தாள் போதும்: கிழமைக்கு ஏற்ற வரிசை, நடை நேரம், சுத்தமான கழிப்பறை எந்த ஊரில், சக்கர நாற்காலி எந்த வாசலில் ஏறும், மதியம் சாப்பாடு எங்கே. முதலாளியை எழுதச் சொன்னால் ஒரு வருஷம் தள்ளிப்போடுவார். பழைய டிரைவரை உட்கார வைத்துப் பேசவிட்டு, அலுவலகத்துப் பெண் ஒருவர் எழுதிக்கொண்டால் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். பல விஷயம் முதலாளியைவிட டிரைவருக்கு நன்றாகத் தெரியும் என்பதும் அன்றைக்குத்தான் வெளியே வரும்.

*

ஓடிபி. அலுவலகத்தில் ஆள் இருந்தும் முதலாளியால் நகர முடியாததற்கு இந்த ஆறு எண்களும் ஒரு காரணம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். ரயில் டிக்கெட்டுக்கும் லாகின், அறைக்கும் லாகின், பேங்குக்கும் லாகின். எல்லாம் முதலாளியின் சொந்த எண்ணில்தான் பதிவாகியிருக்கும். அவர் சம்பந்தி வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அலுவலகத்திலிருந்து, “சார், ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.”

நிறுவனத்துக்கென்று தனி சிம், தனி போன், அது அலுவலக மேசையை விட்டு நகரக்கூடாது. பேங்க் ஒன்றை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். ஆலோசகருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது.

*

இங்கிலாந்தில் டூர் கம்பெனி நடத்திய தாமஸ் குக்கின் கதையை, பொறுப்பைக் கைமாற்றுகிற இந்தக் கண்ணோடு படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. மரவேலைக்காரர், மதுவிலக்குப் பிரசாரகர். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குத் தனி ரயிலில் ஏறக்குறைய ஐந்நூறு பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, மதுவிலக்குக் கூட்டத்துக்கு அழைத்துப் போனதில் தொழில் ஆரம்பித்தது. பல வருஷம் குழுவோடு தானே போனார், கைடும் தானே. மகன் ஜான் மேசன் குக் 1865-இல் லண்டன் அலுவலகத்தைப் பார்க்க வந்த பிறகுதான் கணக்கும் நிர்வாகமும் ஒழுங்குக்கு வந்தன. 1872-இல் கிழவர் உலகைச் சுற்றக் கிளம்பிவிட்டார், 222 நாள். இந்தியாவுக்கும் வந்தார். அத்தனை மாதமும் லண்டனில் கடையை நடத்தியது மகன்தான்.

சுமுகமாக முடிந்த கதையும் இல்லை. தந்தை தொழிலோடு தொண்டையும் தானத்தையும் கலப்பவர். மகனுக்கு வியாபாரம் வியாபாரமாக இருக்க வேண்டும். சண்டை முற்றி, 1870-களின் கடைசியில் தந்தை லெஸ்டருக்கே ஒதுங்கினார். பம்பாயில் அலுவலகம் திறந்தது 1881-இல், மகன் காலத்தில். மகனுக்கு விட்டுக்கொடுத்தவர்களைப் பற்றி நம் ஊரில் பெருமையாகப் பேசுவோம். விட்டுக்கொடுத்த பிறகு வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்பதையும் விசாரிக்க வேண்டும்.

*

இரண்டாவது பஸ் வாங்குவதை வளர்ச்சி என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். டியூ, இன்ஷூரன்ஸ், எஃப்சி, டயர் என்று முதலாளி மெல்ல மெல்ல வொர்க்‌ஷாப்பிலேயே குடியேறிவிடுவார். சீசனில் வண்டியை அட்டாச் எடுத்தால் போதும். கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகமே ஒருநாள் நவக்கிரகப் பஸ் விடுகிறது. கட்டணத்தில் அதோடு போட்டி போட முடியாது. டூருக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி கட்டுகிறவர், குழு தங்கும் ஹோட்டலுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஆக விலையைக் குறைத்துக் கூட்டம் சேர்ப்பது கையைக் கடிக்கும்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து குடும்பமாக வருகிறவர்கள் வேறு ரகம். குலதெய்வம் கோயில், அதையொட்டி நாலு பெரிய கோயில், ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தம், நல்ல ஹோட்டல், தெரிந்த டிரைவர். காசைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள், ஆனால் கேட்ட அன்றே தெளிவான பதில் வேண்டும். அந்தப் பதிலை எழுத முதலாளிக்குக் காலையில் இரண்டு மணி நேரம் போன் தொல்லை இல்லாமல் கிடைக்க வேண்டும்.

*

முன் சீட் சண்டை. எந்த டூரிலும் உண்டு. தினம் ஒரு வரிசை பின்னால் நகர்வது என்று கிளம்பும்போதே சொல்லிவிடுகிற மேனேஜர் பிழைத்தார். தரிசனம் சரியில்லை என்று புகார் சொல்கிறவர் அபூர்வம். காபி ஆறிப்போனது, கழிப்பறை நாறியது, அவர்களுக்கு மட்டும் ஏசி அறை என்றுதான் வரும்.

*

எல்லாவற்றையும் கொடுத்துவிடவும் கூடாது. ஹோட்டல்காரரோடு ரேட் பேசுவது, காசியிலும் கயாவிலும் சாஸ்திரிகளோடு உள்ள உறவு, சமையல் மாஸ்டரைத் தேர்ந்தெடுப்பது, இவற்றை நான் கொடுக்கமாட்டேன். காசி யாத்திரையில் பெரியவர்கள் வடக்கத்திச் சாப்பாட்டை இரண்டு வேளை பொறுத்துக்கொள்வார்கள், மூன்றாவது வேளை ரசம் கேட்பார்கள். மாஸ்டர் சரியில்லை என்றால் கங்கையே வந்தாலும் டூரைக் காப்பாற்றாது.

கோபத்தில் இருக்கிற பார்ட்டியோடும் முதலாளியே பேசுவது நல்லது, ஆனால் டூர் முடிந்து அவர்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகு. நடுவழியில் அவர் புகுந்து ஏதாவது வாக்குக் கொடுத்தால், மிச்ச நாட்களுக்கு மேனேஜர் பேச்சை அந்த வண்டியில் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

*

சித்திரை, வைகாசியில் ஊட்டி. ஆடியில் அம்மன். புரட்டாசியில் பெருமாள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை. அடுத்த வருஷத்தைப் பற்றி யோசிக்க ஐப்பசியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதையும் தீபாவளி தின்றுவிடும். பொறுப்பை மாற்றிக்கொடுக்க நினைக்கிறவர் சீசன் நடுவில் ஆரம்பிக்கக் கூடாது. ஆனியில் ஆரம்பித்தால் புதியவர் தடுமாறினாலும் ஒரு வேனோடு போகும்.

*

முதலாளிகள் வெளியே சொல்லாத பயம் ஒன்று: தொழிலைக் கற்றுக்கொண்டு, பார்ட்டிகளின் நம்பரையும் எடுத்துக்கொண்டு, மேனேஜர் தனியாகப் போய்விடுவாரே. போவார். கேட்கிற முதலாளியும் ஒரு காலத்தில் அப்படித்தான் எங்கிருந்தோ வந்திருப்பார். எண்கள் எல்லாம் நிறுவன போனில் இருப்பதும், ஒவ்வொரு டிரிப் லாபத்திலும் மேனேஜருக்கு ஒரு பங்கு இருப்பதும் அதைச் சில வருஷம் தள்ளிப்போடும். அதற்குப் பிறகும் அவர் பக்கத்துத் தெருவில் போர்டு மாட்டினால் பேச்சை முறித்துக்கொள்ளாமல் இருப்பது புத்திசாலித்தனம். கார்த்திகையில் சபரிமலைக்கு வண்டி போதாமல் போகும்போது, நம் வரிசையும் நம் பார்ட்டிகளின் குணமும் தெரிந்த ஆளாக, வண்டியோடு கிடைக்கிறவர் அவராகத்தான் இருப்பார்.