காசுக்குப் பின்னால் நிற்பவர்

குளச்சலில் டாலர் நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் இங்கே நிறைய வீடுகளில் அரிசி வாங்குவதும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவதும், வீட்டுக்கு மேல்மாடி எடுப்பதும் டாலரை நம்பித்தான் நடக்கிறது. சவூதி ரியால் 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என்று நிற்கிறது. அமீரகத்துத் திர்ஹாம் 1997 முதல் 3.6725. கத்தார் ரியால் 3.64. பஹ்ரைன் தினார் 0.376. வளைகுடாவில் வலை இழுக்கிறவன் இவற்றில் எந்தப் பெயருள்ள காசில் கூலி வாங்கினாலும் அது டாலர்தான். துறைமுகத்தில் ஏலம் போகும் கணவாய்கூட ஏற்றுமதிக்குப் போகிறபோது டாலர் விலை பார்த்துத்தான் போகிறது.

நான் பார்க்கும் தொழில் இந்த விலையைத் தினமும் கவனிப்பது. 2008 ஆகஸ்ட் 29-ல் தேசியப் பங்குச் சந்தையில் டாலர்-ரூபாய் முன்பேர வணிகம், அதாவது ஃப்யூச்சர்ஸ், தொடங்கியது. அந்தச் சந்தையில் எனக்கு நெடுநாள் பழக்கம். 2024 மே மாதம் முதல், உண்மையாகவே அந்நியச் செலாவணி வரவு செலவு உள்ளவர்கள்தான் அதில் இறங்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி கறாராக நடைமுறைக்கு வந்தபின், வியாபாரம் செய்வதைவிடக் கவனிப்பதே அதிகம். காலையில் எழுந்தால் முதலில் ஹோர்முஸ் நீரிணைச் செய்தி, பிறகு கச்சா எண்ணெய், பிறகு அமெரிக்க வட்டி விகிதம். அதற்குப் பிறகுதான் சாயா.

பஹ்ரைனில் விசைப்படகில் வேலை பார்க்கும் ஒரு தம்பி லீவில் வந்தபோது கேட்ட கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

“அண்ணே, கூட இருக்கவன் யு.எஸ்.டி.டி. வழியா வீட்டுக்குப் பைசா அனுப்பச் சொல்லுகான். ஒரு டோக்கனுக்கு ஒரு டாலர் பின்னால கெடக்காம். உள்ளதா?”

பின்னால் கிடக்கிறதா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். ஒருவர் காசை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பதில் ஒரு கணக்கு வரியைத் தருவது எங்கே தொடங்கியது? அதை நம்பியவர்கள் எப்போது, எதனால் ஏமாந்தார்கள்?

அருகில் இருந்தே ஆரம்பித்தேன். பிட்காயினுக்கு இப்படி ஒரு வாக்குறுதியே கிடையாது. 2009 ஜனவரி 3-ல் உருவான அதன் முதல் கணக்குத் தொகுதிக்குள் (பிளாக்), அன்றைய லண்டன் டைம்ஸின் தலைப்புச் செய்தி பொதியப்பட்டிருக்கிறது. பிரிட்டனின் நிதியமைச்சர் வங்கிகளை இரண்டாம் முறை கைதூக்கிவிடப் போகிற நிலையில் இருக்கிறார் என்பது செய்தி. உலகச் செய்தியை வயிற்றில் வைத்துக்கொண்டு பிறந்த காசு அது. எவரையும் நம்ப வேண்டாம், மொத்தமே 2 கோடியே 10 லட்சம் காயின்தான் என்பது அதன் கொள்கை. ஆனால் விலை ஒரே இடத்தில் நிற்காத ஒன்றில் வீட்டுச் செலவுக்குப் பணம் அனுப்ப முடியுமா? அந்தக் குறையை நிரப்ப 2014-ல் வந்தது டெதர், அதாவது தம்பி சொன்ன யு.எஸ்.டி.டி. யாரையும் நம்ப வேண்டாம் என்று தொடங்கிய பாதை, ஆறு வருடத்துக்குள்ளேயே ஒரு நிறுவனத்தை நம்பும் இடத்துக்கு வந்துவிட்டது.

அந்த நம்பிக்கையை 2021 அக்டோபரில் அமெரிக்க அரசின் சி.எஃப்.டி.சி. அமைப்பு சோதித்துச் சொன்னது. 2016 முதல் 2018 வரை 26 மாதங்களை எடுத்துப் பார்த்ததில், டெதருக்கு முழுக் கையிருப்பு இருந்தது 27.6 சதவீத நாட்களில்தான். அபராதம் 4 கோடியே 10 லட்சம் டாலர். இன்னொரு டோக்கனான யு.எஸ்.டி.சி.யின் கதை வேறு. அதன் பணம் உண்மையிலேயே இருந்தது. அதில் 330 கோடி டாலர் சிலிக்கான் வேலி வங்கியில் இருந்தது. 2023 மார்ச்சில் அந்த வங்கி விழுந்த வார இறுதியில் டோக்கன் விலை 88 சென்ட்டுக்கும் கீழே போனது. வங்கியில் போட்டவர்களின் பணத்துக்கு அமெரிக்க அரசு பொறுப்பேற்ற பிறகுதான் பழைய நிலைக்கு வந்தது. 2022 மே மாதத்தில் டெரா என்ற மற்றொரு டோக்கன் கவிழ்ந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பின்னால் ஒரு கணக்குச் சூத்திரம்தான் நின்றது.

இதற்கெல்லாம் மூத்த வடிவத்தை ஆடம் ஸ்மித்திடம் கண்டேன். 1776-ல் வந்த அவருடைய ‘நாடுகளின் செல்வம்’ நூலில், ஆம்ஸ்டர்டாம் வங்கியைப் பற்றி நீண்ட ஒரு விலகல் உண்டு. 1609-ல் அந்த நகரசபை தொடங்கிய வங்கி அது. ஊருக்குள் பல நாட்டுக் காசுகள் புழங்கின. ஓரம் வெட்டியவை, எடை குறைந்தவை, வெள்ளி குறைந்தவை. வணிகர்கள் காசைக் கொண்டுபோய் வங்கியில் கொடுத்தால், எடை பார்த்து ஏட்டில் வரவு வைப்பார்கள். அந்நாட்டுக் காசில் 600 கில்டரும் அதற்கு மேலும் உள்ள வணிக உண்டியல்களை இந்த ஏட்டுக் கணக்கு வழியாகத்தான் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். வெள்ளி நகராது, ஏட்டில் பெயர் மட்டும் மாறும். கையில் இருக்கும் காசைவிட ஏட்டுக் காசுக்கு மதிப்பு கூடுதலாக இருந்தது. ஏட்டில் உள்ள ஒவ்வொரு கில்டருக்கும் நிலவறையில் ஒரு கில்டர் இருக்கிறது என்று ஊரே நம்பியதை ஸ்மித் பதிவு செய்கிறார். தம்பி கேட்டதும் இதே வாக்குறுதியைப் பற்றித்தான்.

ஆனால் வெள்ளி முழுதாக நிலவறையில் இல்லை. இல்லாத வெள்ளி எங்கே போயிருந்தது என்று தேடியபோது என் உடம்பு சிலிர்த்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. வி.ஓ.சி. என்ற முத்திரையோடு 1602-ல் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு, கப்பல் கட்டி அனுப்பும் காலத்துத் தேவைக்காக வங்கி ஆரம்ப காலத்திலிருந்தே ரகசியமாகக் கடன் கொடுத்துவந்தது. 1780 முதல் 1784 வரை இங்கிலாந்தோடு நடந்த போரில் கம்பெனியின் கப்பல்கள் பிடிபட, கொடுத்த கடன் திரும்பவில்லை. 1790-ல் ஏட்டுக் காசின் விலை கைக்காசுக்கும் கீழே இறங்கியது. 1799-ன் முடிவில் கம்பெனி கலைந்தது. 1819-ல் வங்கியும் மூடப்பட்டது.

அந்தக் கம்பெனியை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கடற்கரையில் வெற்றித்தூண் நிற்பது அதன் படையை வென்றதற்காகத்தான். சிறுவயதிலிருந்து அந்தத் தூணை வீரத்தின் கணக்கில் மட்டுமே பார்த்துவந்த எனக்கு, வியாபாரியின் கண்ணோடு அந்தக் கதையை மறுபடி படிக்கத் தோன்றியது.

1739-ல் இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவைச் சந்தித்து எச்சரித்தார். தகராறுக்கு அடியில் கிடந்தது மிளகு. சின்னச் சின்ன அரசுகளைத் திருவிதாங்கூர் விழுங்கினால், கம்பெனிக்கு மலிவு விலையில் மிளகு கொடுக்க அங்கே ஆள் இருக்காது. 1740 நவம்பர் கடைசியில் டச்சுப் படை இந்தக் கரையில் இறங்கியது. தேங்காய்ப்பட்டினம், குளச்சல், கடியபட்டினம் எல்லாம் அடிபட்டன. படை இரணியல் வரை போய், பத்மநாபபுரத்துக்குக் குறிவைத்தது. கடைசியில் 1741 ஆகஸ்டில் குளச்சலில் சரணடைந்தது. துடுப்பைத் தோளில் சாய்த்து நின்ற மீனவர்களைத் தூரத்திலிருந்து பார்த்துப் படையணி என்று டச்சுக்காரர்கள் நினைத்தார்கள் என்பது எங்கள் கரையில் வழிவழியாகச் சொல்லும் கதை. பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பின்னால் திருவிதாங்கூரின் ‘வலிய கப்பித்தான்’ ஆனார். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு.

இவ்வளவு பெரிய கம்பெனி ஏன் கூடுதல் படை அனுப்பவில்லை? அதற்கான விடை சர்க்கரை விலையில் இருக்கிறது. இந்தத் தேடலில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இதுதான். கம்பெனியின் தலைமையிடம் ஜாவாவின் பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா. ஊரைச் சுற்றிக் கரும்பாலைகள். உழைத்தவர்கள் சீனர்கள். மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை ஐரோப்பாவில் குவிந்து விலை விழ, ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. வேலையற்றவர்களை இலங்கைக்கு நாடுகடத்த அரசு முடிவு செய்தது. நடுக்கடலில் தள்ளிவிடப் போகிறார்கள் என்று வதந்தி பரவிக் கலகம் மூண்டது. 1740 அக்டோபரில் நகருக்குள் கொல்லப்பட்ட சீனர்கள் பத்தாயிரம் பேர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். குளச்சலில் படை இறங்கியதற்கு ஒரு மாதம் முன்னால் இது நடந்தது. கொலையை நடத்திய தலைமை ஆளுநர் வால்கெனியரோடு மோதிய வான் இம்ஹாஃப் டிசம்பரில் கைதாகி, ஐரோப்பாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். திருவிதாங்கூரை மிரட்டிய அதே மனிதர்! கலகம் ஜாவா முழுக்கப் போராகப் பரவியது. மலபாருக்கு அனுப்பப் பத்தாவியாவிடம் படை இல்லை.

மார்த்தாண்ட வர்மாவின் படை வென்றது அதன் திறமையால். அந்தப் பெருமையைக் குறைக்க நான் யார்? ஆனால் பார்படோஸ் கரும்புக்கும் குளச்சல் மணலுக்கும் நடுவே இப்படி ஒரு கயிறு ஓடியிருக்கிறது என்று தெரிந்தபின், உலகச் செய்தி என்பது இன்டர்நெட்டோடு வந்த சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை.

வென்ற அரசின் காசையும் பார்த்தேன். மிளகை 1743-ல் அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. புழக்கத்தில் இருந்தது பொடிப்பொடியான வெள்ளிச் சக்கரம். குழி வெட்டிய மரப்பலகையில் சக்கரத்தைக் கொட்டி ஆட்டினால், குழிக்கு ஒன்றாக உட்காரும், அப்படித்தான் எண்ணுவார்கள். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். அந்த அரைச் சக்கரம் எங்கள் முன்னோர்கள் தினமும் கொடுத்து வாங்கிய மாற்று விலை. ஆரல்வாய்மொழி தாண்டினால் வேறு ரூபாய். 1949 வரை இந்த ஊர் இரண்டு ரூபாய்களுக்கு நடுவில் வாழ்ந்திருக்கிறது. அரசு பின்னால் நின்ற காசு தாக்குப்பிடித்தது. 1938 ஜூனில் கதவடைத்த திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கியில் போட்டவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வளைகுடாவுக்கு வருவோம். நாகர்கோவிலில் பழைய நாணயங்கள் சேர்க்கும் ஒருவர் வீட்டில் ஒரு நோட்டைப் பார்த்தேன். ரிசர்வ் வங்கி அடித்ததுதான், ஆனால் நிறம் வேறு. எண்ணுக்கு முன்னால் ‘இசட்’ எழுத்து. 1959-ல் வளைகுடாவுக்கென்றே அச்சிட்ட ரூபாய். அதுவரை குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், மஸ்கட் எல்லாம் நம் ரூபாயைத்தான் புழங்கின. இங்கிருந்து ரூபாய் நோட்டைக் கடத்திக்கொண்டு போய்த் தங்கம் வாங்கினார்கள். அந்த நோட்டுகள் சுற்றித் திரும்பி வந்து நம் கையிருப்பிலிருந்த ஸ்டெர்லிங்கைக் கேட்டன. அதைத் தடுக்க வந்தது இந்தத் தனி நோட்டு. குவைத் 1961-ல் விலகியது. பஹ்ரைன் 1965-ல் விலகியது. 1966 ஜூன் 6-ல் டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாயை 7.50 ஆக்கினார்கள். கத்தாரும் துபாயும் அந்த வருடமே வெளியேறின. ஓமன் 1970 வரை தாங்கியது.

ஒருகாலத்தில் அந்தக் கரையின் காசுக்குப் பின்னால் நாம் நின்றோம். நம் வாக்கு மெலிந்ததும் அவர்கள் வேறு தோளைத் தேடிக்கொண்டார்கள். அதில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 1990-ல் சதாம் குவைத்துக்குள் நுழைந்தபோது, அங்கிருந்து பணம் வருவது நின்றது, எண்ணெய் விலை ஏறியது, ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை விமானத்தில் கூட்டிவர வேண்டியிருந்தது. அடுத்த ஜூலைக்குள் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை வெளியே அடகு வைத்தது. 1993 மார்ச்சில் ரூபாயின் விலையைச் சந்தையிடமே விட்டார்கள். இன்று நான் திரையில் பார்க்கும் எண் அன்று பிறந்தது.

தம்பியிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சட்டத்தை முதலில் சொன்னேன்: 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்த மாதிரி டோக்கன்கள் மீதான வங்கித் தடையை நீக்கியது, 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலை முதல் விற்கும் தொகையில் 1 சதவீதப் பிடித்தம், ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றதன் லாபத்தில் கழிக்க முடியாது. “மக்கா, அம்மைக்கு மருந்து வாங்குய பைசா வங்கி வழியாவே வரட்டும். கமிஷன் கூடத்தான். ஆனா வராட்டா யாருகிட்ட போய்க் கேக்கணும்னு நமக்குத் தெரியும்லா.”

அவன் யோசித்தான். “அப்போ எங்க தினாருக்குப் பின்னால யாருண்ணே?”

நல்ல கேள்வி. 2018-ல் எண்ணெய் வருமானம் போதாமல் பஹ்ரைனின் கடன் ஏறி, தினார் நிற்குமா என்று சந்தையே சந்தேகப்பட்டது. அந்த அக்டோபரில் சவூதியும் குவைத்தும் அமீரகமும் சேர்ந்து ஆயிரம் கோடி டாலர் உதவி அறிவித்தன. அந்த மூன்று நாடுகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, அவற்றுக்குப் பின்னால் நிற்பது கச்சா எண்ணெய் விலை என்றும் எழுதிக் கொடுத்தேன். அந்த விலையை எந்தச் செயலியில் பார்க்கலாம் என்று கேட்டு, அங்கேயே போனில் ஏற்றிக்கொண்டான்.