வான்கோழிக்குக் கண், மிளாவுக்கு மூக்கு

ராத்திரி பத்து மணிக்கு மேல் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு நான் என்னதான் பார்க்கிறேன் என்று என் மனைவிக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் எட்டிப் பார்த்துவிட்டாள். இலை தழை அச்சடித்த சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்.

“என்ன பண்றாரு?”

“மானுக்குக் காத்திருக்காரு.”

“எவ்வளவு நேரமா?”

“இருபது நிமிஷம் ஆச்சு.”

“மான் எப்ப வரும்?”

“வராமலும் போகலாம்.”

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “வேற எதையாவது பாத்திருந்தாக்கூட புரிஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான் ஸார். எனக்கு அமெரிக்க வேட்டை வீடியோ மேல் ஒரு பைத்தியம். மான் வேட்டை, வான்கோழி வேட்டை இரண்டும்தான். இத்தனைக்கும் நான் தென்காசியில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். கோழிக் கடையில் கத்தியை எடுத்தாலே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிற ரகம். துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பார்த்ததோடு சரி.

அமெரிக்காவில் இது பெரிய வியாபாரம். வீடியோ கேஸட் காலத்திலேயே, இலைதழை டிசைன் போட்டு வேட்டைச் சட்டை விற்கிற ‘ரியல்ட்ரீ’ கம்பெனி, ‘மான்ஸ்டர் பக்ஸ்’ என்று வரிசையாகக் கேஸட் போட்டது. இப்போது யூட்யூபில் இலவசமாகவே கொட்டிக் கிடக்கிறது. சுடுவது என்னவோ இரண்டே விநாடி. அந்த இரண்டு விநாடியை நான் தாண்டி ஓட்டிவிடுவேன். மிச்சமிருக்கிற நாற்பது நிமிஷம்தான் எனக்கு வேண்டியது. ஒரு மனுஷன் மரத்தில் ஏறி உட்காருகிறார். பனி விலகுகிறது. அணில் ஒன்று வந்து அவர் பூட்ஸை மோந்து பார்த்துவிட்டுப் போகிறது. அவர் காமிராவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ரகசியக் குரலில், “காத்து மாறிப்போச்சு” என்கிறார். எங்கள் ஆபீஸில் பத்து நிமிஷம் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்தால் மெமோ கொடுப்பார்கள். இவர் அப்படி உட்காருவதையே தொழிலாக வைத்திருக்கிறார்!

பார்க்கப் பார்க்க எனக்கு இரண்டு பாடம் பிடிபட்டது. வான்கோழிக்குக் கண் பிரமாதம், மூக்கு சுமார். மானுக்கு மூக்கு பிரமாதம், கண்ணில் ஒரு குறை. வான்கோழி வேட்டைக்காரர் அதனால் முகத்துக்குக்கூட முகமூடி போட்டுக்கொண்டு, மூக்கில் கொசு உட்கார்ந்தாலும் அசையாமல் இருக்கிறார். மான் வேட்டைக்காரரோ பளீரென்று ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிவப்பும் ஆரஞ்சும் மானுக்கு நமக்குத் தெரிகிற மாதிரி தெரியாது. அந்தச் சட்டை மானுக்காக அல்ல, தன்னை இன்னொரு வேட்டைக்காரர் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக! ஆனால் அவரே காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பொழுதுக்கும் பவுடரை ஊதிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தன் வாசனை மான் வருகிற பக்கம் போனால் அன்றைக்குப் பிழைப்பு போச்சு.

வான்கோழியைக் கூப்பிடுகிற வித்தை இன்னும் வேடிக்கை. விடியற்காலையில் முதலில் ஆந்தை மாதிரிக் கத்துவார்கள். மரத்தில் அடைந்திருக்கும் சேவல் வான்கோழி உடனே ‘கொளகொள’ என்று பதில் கொடுத்து, தான் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். நம்மூர் மயில் இடிச் சத்தத்துக்குப் பதில் சொல்லுமே, அதே கதை. பிறகு ஒரு சிலேட்டுப் பலகையில் மரக்குச்சியை உரசிப் பெட்டை மாதிரிச் சத்தம் கொடுப்பார்கள். சேவல் தோகையை விரித்துக்கொண்டு வரும். தலை சிவப்பாகும், வெளுக்கும், நீலமாகும். மூதுரையில் மயிலைப் பார்த்துக் காப்பியடிக்கிற அசடு என்று படித்துப் பரீட்சை எழுதினோமே, அந்தப் பறவையா இது? சத்தியமாக இது யாரையும் காப்பியடிக்கவில்லை. சொந்த சரக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் இதைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் சிலேட்டை உரசின மறு விநாடி, நாலு வீடு தள்ளி வளர்க்கிற வான்கோழி ‘கொளகொள’ என்றது. மறுபடி வைத்தேன். மறுபடி பதில். சாயங்காலத்துக்குள் அது சுவர் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்து, ஒவ்வொரு வாசலாகத் தேட ஆரம்பித்துவிட்டது. அந்த வீட்டம்மா, “ஏன் சார், எங்க கோழியை எதுக்குக் கூப்புட்டீங்க?” என்று கேட்டார்கள். என்னவென்று பதில் சொல்ல?

பொழுதுபோக்கு சரி, இதனால் பிரயோஜனம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு ஸார். என் மாமனாருக்கு மேக்கரைப் பக்கம் வயலும் தென்னையும் இருக்கின்றன. காடு கூப்பிடு தூரம். ராத்திரியானால் காட்டுப்பன்றி. நெல்லை மிதித்து, தென்னங்கன்றைத் தோண்டி, ஒரு வழி பண்ணிவிடும். மேற்கு வரப்பில் பரண் போட்டு, டார்ச்சும் தகர டப்பாவுமாக மனுஷன் உட்கார்ந்திருப்பார். விடிந்து பார்த்தால் கிழக்கு மூலை காலி.

“சுடலாம்னு சர்க்காரே சொல்லிட்டாமே மாப்ள?” என்று ஒரு நாள் கேட்டார்.

2025 ஜனவரியில் வந்த அரசு முடிவை அவருக்கு விளக்கினேன். காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விடலாம். அதற்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும். “அப்ப எனக்கு ஒண்ணும் கெடையாது, அதானே?” என்றார். அதுதான். அவுட்டுக்காய் வைக்கிற யோசனையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை, இவர் சம்மதிக்கவில்லை. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயைப் பசுமாடு கடிக்கும், யானை கடிக்கும். வாய் சிதறி, தின்ன முடியாமல் நாள்கணக்கில் கிடந்து சாகும்.

எனக்கு வீடியோ ஞாபகம் வந்தது. வயசான கலைமான் நேராக வராது. சுற்றிக்கொண்டு, காற்று தன் மூக்குக்கு வருகிற பக்கம் போய், யார் இருக்கிறார்கள் என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் வரும். சீஸனில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்றுதானே அடிக்கிறது? மாமனார் மேற்கே உட்கார்ந்தால் அவர் பீடி வாசனை முழுக்கக் கிழக்கே போகும். பன்றி கிழக்கே சுற்றி வந்து, “ஓஹோ, பெரியவர் அங்கே இருக்காரா” என்று தெரிந்துகொண்டு இந்த மூலையில் சாப்பிடுகிறது.

“மாப்ள, நான் இந்தப் பன்னியோட நாப்பது வருஷமாக் குடும்பம் நடத்துதேன்” என்றார். நியாயம்தான். இருந்தாலும் பகலில் ஓடைப் பக்கம் போய்ப் பார்த்தோம். ஒரு தென்னையில் முழங்கால் உயரத்துக்குச் சேறு அப்பியிருந்தது. பன்றி உடம்பைத் தேய்த்த தடம், இன்னும் ஈரம் காயவில்லை. கீழே குளம்படி. பரண் ஓடைப் பக்கம் மாறியது, பீடிக்கும் தடை. அந்த மாதம் பயிர் பூராவும் தப்பித்தது என்று சொன்னால் பொய். பாதி தப்பித்தது. அதற்குப் பிறகு பன்றி வடக்கு வழியைக் கண்டுபிடித்துவிட்டது. அதுவும் ராத்திரி ஏதாவது வீடியோ பார்க்கிறதோ என்னவோ.

இப்போது என் அக்கா மகன் கதைக்கு வருகிறேன். இலஞ்சியில் இருக்கிறான். வயது 22. போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு, உடல் தகுதித் தேர்வுக்காக விடியற்காலையில் ஐந்தருவி ரோட்டில் ஓடுகிறவன். என் போனில் பார்த்துப் பார்த்து அவனுக்கும் இந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் கண் பளபளக்க வந்தான்.

“மாமா, ஃப்ரெண்டு வீட்ல ரெண்டு கன்னி நாய் இருக்கு. நெத்தி லைட்டு வாங்கியாச்சு. ராத்திரி முயல் வேட்டை. அமெரிக்காக்காரன் மாதிரியே எடுத்துப் போட்டா ஒரு லட்சம் வியூஸ் போகும்.”

“போகும்லே. அதுல மொத ஆளு ரேஞ்சர்.”

நான் தமாஷுக்குச் சொல்லவில்லை. 1972-ஆம் வருஷத்து வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் சுடுவது மட்டுமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, கூட்டில் முட்டையை எடுப்பது எல்லாமே வேட்டைதான். 3 வருஷம் வரை ஜெயில். அபராதத்தை 2022 திருத்தத்தில் 1 லட்சம் வரை ஏற்றிவிட்டார்கள். முயல் பிடித்துவிட்டுத் தானே வீடியோ போட்டு மாட்டிக்கொண்டவர்கள் செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிறது. திருடன்கூடக் கைரேகையைத் துடைத்துவிட்டுப் போகிறான். இவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியத்துக்குப் பின்னணி இசையும் சேர்த்து அனுப்பி வைக்கிறார்கள்! போலீஸ் வேலைக்கு விசாரணை வரும்போது இவன் பேரில் வனத்துறை வழக்கு இருந்தால்? அக்கா முகம் எனக்குக் கண் முன்னே வந்தது.

“அப்ப நீங்க மட்டும் பாக்கலாமா? அவன் செஞ்சா சரி, நாம செஞ்சா தப்பா?” என்று மடக்கினான்.

நியாயமான கேள்வி. சமாளிக்காமல் தெரிந்ததைச் சொன்னேன். 1900 வாக்கில் அமெரிக்காவில் இந்த வெள்ளைவால் மான் சில லட்சம்தான் மிச்சம். வான்கோழி பல மாநிலங்களில் சுத்தமாகத் துடைத்துப் போயிருந்தது. கண்டபடி சுட்டுத் தின்றதால் வந்த வினை. அப்புறம் விழித்துக்கொண்டு சீஸன், லைசென்ஸ், ஆளுக்கு இத்தனைதான் என்று கணக்கு வைத்தார்கள். 1937-ல் ஒரு சட்டம் போட்டு, நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி வாங்கி அதைக் காட்டு விலங்குகளுக்கே செலவழித்தார்கள். இன்றைக்கு மான் கிட்டத்தட்ட 3 கோடி, வான்கோழி 60 லட்சம் சொச்சம்.

“நம்மகிட்ட குத்தாலத்துல எத்தனை மிளா இருக்கு? நீ ஒண்ணையாவது பாத்திருக்கியாலே?”

பேசாமல் இருந்தான். மிளா என்றால் தெரியும்தானே? கடமானுக்கு எங்கள் ஊர்ப் பேர். இவன் இலஞ்சியில் பிறந்து வளர்ந்தவன். எல்லா அருவியிலும் குளித்தவன், பார்டர் கடையில் காடை தின்றவன். (காடையைக் காட்டுப் பறவை என்று நினைத்துத் தின்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அது பண்ணையில் வளர்க்கிற ஜப்பான் காடை.) தலைக்கு மேலே நிற்கிற மலையில் இருக்கும் மிளாவை 22 வருஷத்தில் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை.

“குத்தாலத்துக்காரன் முன்னூறு வருஷத்துக்கு முந்தியே வேட்டை வீடியோ எடுத்துட்டான், தெரியுமா?” என்று திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை எடுத்துவிட்டேன். அதில் சிங்கன் பறவை பிடிக்க வருகிறான். கூட நூவன் என்று ஒரு கையாள். பறவைக் கூட்டம் கூட்டமாக வயலில் இறங்குகிறது. கண்ணியெல்லாம் வைத்தாகிவிட்டது. ஐயா மனசு சிங்கியிடம் போய்விடுகிறது. பறவையெல்லாம் பறந்துவிடுகிறது!

“ஃபெயிலான வேட்டைக்காரன் மாமா அவன்.”

“அதனாலதான் இன்னும் ஓடுது. புடிச்சிருந்தா அன்னைக்கே கொழம்பு வச்சு முடிஞ்சிருக்கும்.”

புறநானூற்றில் 320-ஆம் பாட்டும் இதே சமாசாரம்தான். வேட்டைக்காரன் முற்றத்தில் அயர்ந்து தூங்குகிறான். காட்டு மானை இழுப்பதற்காக அவன் பழக்கி வைத்திருக்கும் பெண் மானோடு ஒரு கலைமான் வந்து விளையாடுகிறது. அவன் மனைவி சத்தமே போடாமல் நிற்கிறாள். புருஷன் முழித்துவிடுவான், கலைமான் ஓடிவிடும் என்று பயம். இந்தப் பக்கம் காயப்போட்ட தினையைக் காட்டுக்கோழி தின்கிறது, அதையும் விரட்டவில்லை. இதைப் படித்தபோது என் மனைவியிடம் காட்டினேன். “அந்தம்மா வீட்ல தினை நெறைய இருந்திருக்கும்” என்றாள்.

பையனிடம் ஒரு பந்தயம் வைத்தேன். காட்டுக்குள் போக வேண்டாம், அனுமதியில்லாமல் போவதும் குற்றம். மாமனார் பரணில், அவர் துணையோடு, நாலு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார வேண்டும். பேச்சு, பீடி, சென்ட் எதுவும் கூடாது. போனைக் கம்பில் கட்டி ஓடவிட்டுவிட வேண்டும், கையில் எடுக்கக் கூடாது. மிளாவைப் பார்க்காவிட்டால் அவன் கேட்கிற ஷூ என் செலவு.

முதல் ஞாயிறு, ஆறாவது நிமிஷத்தில் கை கம்புக்குப் போனது. இரண்டாவது ஞாயிறு மழை. மூன்றாவது ஞாயிறு, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், மாமனார் என் தொடையை மெல்ல அழுத்தினார். ஓடைக்கு அந்தப் பக்கம் புதர் மாதிரி இருந்த ஒன்று தலையைத் தூக்கியது. பசுமாடு உயரம். கருத்த பழுப்பு, கழுத்தில் பிடரி மயிர், பெரிய காது. இரண்டு அடி வைத்தது. தண்ணீரில் வாய் வைத்தது. காற்று எப்படித் திரும்பியதோ தெரியவில்லை, சட்டென்று முன்னங்காலால் தரையை உதைத்து ‘டாங்க்’ என்று ஒரு சத்தம். அவ்வளவு பெரிய சத்தம் ஒரு மானிலிருந்து வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. காணோம்.

பையன் ரொம்ப நேரம் வாயைத் திறக்கவில்லை. இறங்கும்போது, “மாமா, கை இன்னும் நடுங்குது” என்றான். மாமனார் ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்.

அந்த வீடியோவை அவன் அப்படியே, ஒரு வெட்டும் பாட்டும் இல்லாமல் போட்டிருக்கிறான். மொத்தம் 41 நிமிஷம். மிளா வருவது 38-ஆவது நிமிஷத்தில், பதினோரு விநாடி. இதுவரை பார்த்தவர்கள் 43 பேர். அதில் பதினேழு நான். முந்தாநாள் யாரோ ஒருவர், “எங்க புரோ மான்?” என்று கேட்டு எழுதியிருந்தார். இவன் பதில் போட்டிருக்கிறான்: “உக்காருங்க, வரும்.”